அதியமான் என்னும் குடிப்பெயர்

தருமபுரியிலிருந்து சேலம் செல்லும் வழியில் அதியமான்கோட்டை என்னும் ஊர் இருக்கின்றது. தகடூர் என்று முன்னாளில் வழங்கிய தருமபுரியைத் தலைநகராகக் கொண்டு ஆண்ட ஒரு குடியின் பெயரை அவ்வூர் இன்றளவும் தாங்கி நிற்கின்றது. அரசு போயிற்று, பெயர் மட்டும் எவ்வாறு நின்றது? அதன் வரலாறு அறியத் தக்கதாகும்.

கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் மௌரியப் பேரரசர் அசோகர் வெட்டுவித்த இரண்டாம் பாறைக் கட்டளை, தம் எல்லைக்கு அப்பாலுள்ள தென்னாட்டாரைக் குறிப்பிடுகின்றது. சோழர், பாண்டியர், கேரளபுத்திரர் ஆகியோருடன் ‘சத்தியபுத்திரர்’ என்பாரும் அங்கே சொல்லப்படுகின்றனர். முதல் மூவரை நாம் அறிவோம். நான்காமவர் யாவர்? காஞ்சிபுரத்தார் என்றனர் சிலர். மராட்டிய நாட்டார் என்றனர் வேறு சிலர். துளு நாட்டை அடுத்தவர் என்பாரும் இருந்தனர்.

மொழியறிந்தோர் சிலர் மட்டும் தகடூரைச் சுட்டினர். அவர்கள் காட்டிய வழி எளிது. சேரமான் என்பது சேரமகன் என்பதன் மரூஉ. அவ்வாறே அதியமான் என்பது அதியமகன். வடமொழியில் புத்திரன் என்பதும் தமிழில் மகன் என்பதும் ஒன்றே. ‘சஹஸ்ரம்’ என்னும் சொல் சகரம் இழந்து ‘ஆயிரம்’ ஆனது போலச் ‘சதிய’ என்பதும் ‘அதிய’ என்றாயிற்று. அரபு மொழி பயின்றோர்க்கு இது புதிதன்று. ‘இப்னு’ என்றும் ‘பனூ’ என்றும் மக்களைத் தந்தையோடும் மூதாதையோடும் சேர்த்து வழங்கும் முறையே இங்கும் காணப்படுகின்றது.

எனினும் சான்று வேண்டுமன்றோ? 1981ஆம் ஆண்டில் அது கிடைத்தது. திருக்கோவலூரை அடுத்த ஜம்பை என்னும் ஊரின் குன்றில், குகை ஒன்றில் தமிழ் பிராமி எழுத்தில் ஒரே வரி. ‘சதியபுதோ’ என்னும் பட்டத்தோடு அதியன் நெடுமான் அஞ்சியின் பெயரைக் கூறி, அவன் ஈந்த பள்ளி இஃது என அது அறிவித்தது. ஒளவைக்கு நெல்லிக்கனி அளித்தவன் என இலக்கியம் போற்றும் அஞ்சியின் பெயரும், அசோகர் குறித்த பெயரும் ஒரே கல்லில் சேர்ந்து நின்றன. நெடுநாள் வழக்கு அவ்வொரு வரியால் தீர்ந்தது.

இப்பெயர் அஞ்சியோடு அழியவில்லை. சேரன் பெருஞ்சேரல் இரும்பொறை தகடூரை வென்றான் என்று பதிற்றுப்பத்து கூறும். அதன் பின்னரும், எட்டாம் நூற்றாண்டளவில், நாமக்கல் குடைவரைக் கோயில் ‘அதியேந்திர விஷ்ணுகிருகம்’ என அதியர் குலப் பெயரையே பெற்றது. அதற்கும் பிற்பட்டு, ஏறத்தாழக் கி.பி. 1200இல், தகடூர்த் தலைவன் விடுகாதழகிய பெருமாள் என்பான் போளூரை அடுத்த திருமலையில், தன் முன்னோன் எழினி நிறுவிய சமணத் திருவுருவங்களைப் புதுப்பித்தான். அக்கல்வெட்டின் வடமொழிப் பகுதி எழினியை ‘யவனிகா’ என்கின்றது. இரண்டு சொற்களுக்கும் திரை என்பதே பொருள். பெயர் மொழி மாறிற்று, பொருள் மாறவில்லை.

இங்கு ஒன்றை நோக்குதல் வேண்டும். ஜம்பையில் உள்ளது துறவியர்க்கு அளித்த இருப்பிடம். நாமக்கல்லில் உள்ளது வழிபாட்டிடம். திருமலையில் உள்ளது முன்னோர் அறத்தைப் பேணிய செய்தி. இம்மூன்று கற்களும் கொடையையே பேசுகின்றன; வென்ற போர் ஒன்றையேனும் முன்னிறுத்தவில்லை.

மக்காவின் ஹாஷிம் குலத்துப் பெயரும் இத்தகையதே. அக்குல முதல்வரின் இயற்பெயர் அம்ரு. பஞ்ச காலத்தில் ரொட்டியைப் பிய்த்துக் குழம்பில் இட்டு மக்களுக்கு உண்ணக் கொடுத்தமையால், ‘பிய்த்திடுபவர்’ எனப் பொருள்படும் ஹாஷிம் என்னும் பெயர் அவருக்கு வந்தது என்பர் வரலாற்றாசிரியர். இயற்பெயர் பின்னிற்க, ஈகைப் பெயரே வழித்தோன்றல்களுக்கு உரியதாயிற்று.

குடிப்பெயரைச் சொல்லிப் பெருமை கொள்வோர் எக்காலத்தும் உண்டு. பெயரைப் பிள்ளைகளுக்கு விட்டுச் செல்லுதல் எவர்க்கும் எளிது. அப்பெயர் எந்தக் கொடையோடு சேர்ந்து நினைக்கப்படும் என்பதே ஒவ்வொரு குடும்பமும் தன்னைக் கேட்டுக்கொள்ள வேண்டிய வினா.