வயிற்று அறுவையும் மெடிகிளெய்மும்: ஒரு சின்ன வரலாறு

வயிற்றில் தொங்கும் தோலை ஆபரேஷன் செய்து எடுத்தால் இன்சூரன்ஸ் பணம் தருமா? பி.காம் படிக்கும் எனக்கு இந்தக் கேள்வி பிடித்திருந்தது. கொஞ்சம் பின்னோக்கிப் போவோம்.

1899-ல் அமெரிக்காவின் பால்டிமோரில் ஹோவர்ட் கெல்லி என்ற மருத்துவர் இந்த அறுவையைச் செய்து எழுதிவைத்தார். அந்தக் காலத்தில் இது குடலிறக்கம், தாங்க முடியாத வயிற்றுப் பாரம் போன்ற தொல்லைகளுக்கான வைத்தியம். அழகு என்ற பெயர் பிற்பாடு ஒட்டிக்கொண்டது.

இந்தியாவில் 1986-ல் நான்கு பொதுத்துறை நிறுவனங்கள் மெடிகிளெய்மைக் கொண்டுவந்தன. அழகு சிகிச்சையை அது ஒதுக்கியே வைத்தது. காரணம் எளிது. காப்பீடு எதிர்பாராத நஷ்டத்துக்கு. ஒருவர் விரும்பிச் செய்யும் செலவை எல்லோருடைய பிரீமியத்திலிருந்தும் எடுத்துக் கொடுக்க முடியாது.

2000-க்குப் பிறகு தனியார் கம்பெனிகளும் வந்தன, ஆளுக்கொரு வாசகம் எழுதின. 2019 செப்டம்பரில் ஐ.ஆர்.டி.ஏ.ஐ. எல்லோருக்கும் ஒரே வாசகம் தந்தது. விபத்து, தீக்காயம், புற்றுநோய்க்குப் பிந்தைய சீரமைப்பு என்றால் பணம் உண்டு. உடல்நலத்துக்கு நேரடியான, உடனடி ஆபத்தை நீக்கத் தேவை என்று சிகிச்சை தரும் மருத்துவர் சான்று தந்தாலும் உண்டு. வெறும் அழகுக்கு இல்லை.

எங்கள் திருவாடானை பக்கம் சிசேரியன் தையல் போட்ட இடத்தில் குடலிறக்கம் வந்தாலும், "தொப்பைதானே" என்று வெளியே சொல்லாத பெண்கள் உண்டு. குடலிறக்கம் நோய், அழகுப் பிரச்சினை அல்ல. பாலிசியில் அதற்குக் காத்திருப்புக் காலம் எவ்வளவு என்று முதலில் பாருங்கள். ஆபரேஷனுக்கு முன்பே காரணத்தை மருத்துவரிடம் எழுதி வாங்கி, கம்பெனியின் முன் அனுமதியைக் கேளுங்கள். வீட்டில் அம்மா, அக்காவிடமும் இதைச் சொல்லி வையுங்கள்.