கொலஸ்ட்ரால்

ரத்தப் பரிசோதனைச் சீட்டில் எச்.டி.எல்., எல்.டி.எல். என்ற வரிகளுக்கு மேலே இருக்கும் இந்தச் சொல் பிறந்தது ரத்தத்தில் அல்ல, பித்தப்பையில். கிரேக்கத்தில் ‘கோலே’ என்றால் பித்தம். ‘ஸ்டெரியோஸ்’ என்றால் கெட்டியானது. பித்தப்பைக் கல்லில் இருந்த வெண்மையான, மெழுகு போன்ற பொருளுக்கு பிரெஞ்சு வேதியியலாளர் செவ்ரல் 1815-இல் ‘கொலஸ்டெரின்’ என்று பெயரிட்டார். அது ஆல்கஹால் வகை என்று தெரிந்த பிறகு ‘ஆல்’ என்ற விகுதி ஒட்டிக்கொண்டது.

நாம் ‘கொழுப்பு’ என்றே சொல்லிப் பழகிவிட்டோம். அதனால் எண்ணெயைக் குறைத்தால் போதும், மாத்திரை எதற்கு என்று நினைப்பவர்கள் பலர். உண்மையில் உடலுக்கு வேண்டிய கொலஸ்ட்ராலில் பெரும்பகுதியை உடலே தயாரித்துக்கொள்கிறது. கொலஸ்ட்ராலைக் குறைக்கத் தரும் ஸ்டாட்டின் மாத்திரை தடுப்பது கல்லீரலில் நடக்கும் அந்தத் தயாரிப்பைத்தான். மருத்துவரைக் கேட்காமல் அதை நிறுத்தவே கூடாது.

பெயரிலுள்ள பித்தமும் வீண்போகவில்லை. கல்லீரல் பித்த அமிலங்களைச் செய்வது கொலஸ்ட்ராலிலிருந்துதான். கொலஸ்டைரமின் என்ற பழைய மருந்து குடலில் அந்த அமிலங்களைப் பிடித்து மலத்தோடு வெளியேற்றும். ஈடுகட்டப் புதிய அமிலம் செய்ய, கல்லீரல் ரத்தத்திலிருந்து எல்.டி.எல். கொலஸ்ட்ராலை இழுத்துக்கொள்ளும்.