மலைக்கு எல்லை எது? மேலூர் வட்டார மரபிடங்களும் காப்புக் கோடுகளும்

மேலூரைச் சுற்றியுள்ள மலைகளில் கல்வெட்டு தொல்லியல் துறைக்கும், கண்மாய் நீர்வளத் துறைக்கும், பாறை கனிமவளத் துறைக்கும் உரியவை. ஒரே மலை இப்படிப் பல கோப்புகளில் கிடக்கிறது. இந்தப் பிரிவினையே அம்மலைகளைக் காப்பற்றவையாக்குகிறது என்பது இக்கட்டுரையின் வாதம்.

மாங்குளம் ஓவாமலையை எடுத்துக்கொள்வோம். 1882இல் ராபர்ட் சீவெல் கண்ணில் பட்ட இங்குள்ள தமிழி (தமிழ்-பிராமி) கல்வெட்டுகளை ஐராவதம் மகாதேவன் கி.மு. 2ஆம் நூற்றாண்டில் வைக்கிறார். பாண்டியன் நெடுஞ்செழியனின் அலுவலன் கடலன் வழுதி, கணி நந்தன் என்னும் சமணத் துறவிக்கு அளித்த கொடையை அவை சொல்கின்றன. வெள்ளறை நிகமத்து (வணிகக் குழுவின்) வணிகரும் அவற்றில் வருகிறார்கள். நெடுஞ்செழியன் பெயரைக் கண்டதும் ஆய்வு பெரும்பாலும் அங்கேயே நின்றுவிடுகிறது. எழுத்தை ஒட்டி ஓடும் காடிக்கு அந்த மரியாதை கிடைப்பதில்லை. மழைநீர் துறவியரின் கற்படுக்கைக்குள் வழியாதபடி பாறையின் நெற்றியில் வெட்டிய விளிம்பு அது. கல்தச்சன் எழுத்தைப் பொறிக்குமுன் நீர் வழியும் போக்கைக் கணித்திருக்க வேண்டும். காடி தள்ளிவிட்ட நீர் சரிவில் இறங்கிச் சுனைக்கும் கண்மாய்க்கும் போகிறது. ஆக, கல்வெட்டின் வரலாற்றிலேயே நீரியலும் அடங்கியிருக்கிறது.

பக்கத்து அரிட்டாபட்டியில் இது இன்னும் தெளிவு. கழிஞ்சமலையில் தமிழிக் கல்வெட்டும், சமணத் துறவி அச்சணந்தி செய்வித்த தீர்த்தங்கரர் சிற்பமும் உள்ளன. சற்றுத் தள்ளி, இலகுலீசர் சிற்பம் கொண்ட குடைவரைச் சிவன் கோயில். அடிவாரத்தில் ஆனைகொண்டான் கண்மாய். பாறை முகடுகளில் லகர் வல்லூறும் ராசாளிப் பருந்தும். சமணர், சைவர், உழவர், பறவை என எல்லாரும் நாடி வந்தது ஒரே பாறையையும் அது தரும் நீரையும்தான்.

2022 நவம்பரில் அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம் ஊர்களில் சுமார் 193 ஹெக்டேர், தமிழகத்தின் முதல் பல்லுயிர் மரபுத் தலமாக அறிவிக்கப்பட்டது. நல்ல முடிவுதான், ஆனால் அந்த எல்லைக் கோட்டின் பலவீனம் ஈராண்டில் தெரிந்துவிட்டது. 2024 நவம்பரில் வெளிவந்த, இவ்வட்டாரத்துக்கான டங்ஸ்டன் சுரங்க ஏல முடிவு சுமார் 2,015 ஹெக்டேரைத் தழுவியது. மரபுத் தலம் அதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. எதிர்ப்பு வலுத்ததும், தலத்தை மட்டும் விலக்கி எல்லையை மாற்றலாமா என்று மத்திய அரசு ஆராயச் சொன்னது. 2025 சனவரியில் ஏலமே ரத்தானதால் அந்த யோசனை மறந்துபோனது. மறக்கக் கூடாத யோசனை அது. கோட்டுக்கு வெளியே வெடிவைத்து, நீர்வரத்து அறுபட்டால், உள்ளே எஞ்சுவது எழுத்துள்ள கல் மட்டுமே. இதற்கு முன்மாதிரி தேடி வெகுதூரம் போக வேண்டாம்: கீழவளவில் சமணர் படுக்கையுள்ள குன்று நிற்கிறது, சுற்றுப்புறம் கிரானைட் குழிகள். மத்திய அரசின் காப்பிலுள்ள சின்னங்களுக்கு 100 மீட்டர் தடைப்பகுதி, அதற்கப்பால் 200 மீட்டர் கட்டுப்பாட்டுப் பகுதி என்று சட்டம் அளந்து வைத்திருக்கிறது. மழைநீர் அந்த அளவுகோலின்படி ஓடுவதில்லை.

எல்லையை விரித்தால் ஆடு மேய்ப்பதற்கும் சுள்ளி பொறுக்குவதற்கும் தடை வரும் என்ற அச்சம் ஊர்களில் எழலாம், நியாயமான அச்சம். ஆனால் பல்லுயிர் மரபுத் தல வழிகாட்டுதல்களின்படி, ஊரார் தாமே ஏற்றுக்கொண்டாலன்றி அவர்களின் வழக்கமான பயன்பாடுகளுக்குக் கட்டுப்பாடு கிடையாது. எனவே மலைச்சரிவிலிருந்து கடைசிக் கண்மாயின் மடை வரை நீர் போகும் வழியைப் புல எண்களோடு குறித்து, கிராம சபைகளின் ஒப்புதலுடன் அதையே காப்பெல்லையாக அறிவிக்கச் சட்டத்தில் இடமிருக்கிறது.