முதல் சர்வதேச கிராஸ் கன்ட்ரி ஓட்டப் போட்டி (1903)

சர்வதேச கிராஸ் கன்ட்ரி ஓட்டப் போட்டியின் முதல் பந்தயம் 1903 மார்ச் 28 அன்று, ஸ்காட்லாந்தில் கிளாஸ்கோ நகருக்கு அருகிலுள்ள ஹாமில்டன் பார்க் குதிரைப் பந்தயத் திடலில் நடைபெற்றது. இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, அயர்லாந்து, வேல்ஸ் ஆகிய நான்கு அணிகள் கலந்துகொண்டன. இங்கிலாந்தின் ஆல்பிரட் ஷ்ரப் முதலாவதாக வந்தார். அணிக்கான வெற்றியும் இங்கிலாந்துக்கே கிடைத்தது. பெயரில் 'சர்வதேச' என்று இருந்தாலும், நான்கு அணிகளும் அன்று ஒரே அரசரின் ஆட்சிக்கு உட்பட்டவை. அந்தச் சொல் தன் உண்மையான பொருளை அடைய இன்னும் பல ஆண்டுகள் ஆயின.

'கிராஸ் கன்ட்ரி' என்பதை 'நாடு கடந்த ஓட்டம்' என்று மொழிபெயர்ப்போர் உண்டு. அது நாடு கடத்தலை நினைவூட்டுகிறது. இங்கே கன்ட்ரி என்பது ஊருக்கு வெளியே உள்ள வயலும் மேய்ச்சல் நிலமும்தான். கொங்குப் பகுதி 24 நாடுகளாகப் பிரிந்திருந்ததாகவும் அவற்றுள் ஒன்று ராசிபுர நாடு என்றும் சொல்வார்கள். அந்தப் பழைய 'நாடு' இதற்குச் சற்று அருகில் வரும். சேலம், நாமக்கல் பக்கத்து மாணவர் ஒருவர் மரவள்ளி பிடுங்கிய காட்டில் மண்கட்டிகள் மேல் ஓடி, வரப்பு தாண்டி, ஓடை மணலில் இறங்கி ஏறினால் அதுவே கிராஸ் கன்ட்ரி. சமதளப் பாதையில் வேகமாக ஓடுபவர் இங்கே பின்தங்குவது சாதாரணம்.

இவ்விளையாட்டு இங்கிலாந்தின் உண்டு உறைவிடப் பள்ளிகளில் தோன்றியது. சிலர் முயல்களாக முன்னே ஓடிக் காகிதத் துண்டுகளைத் தூவிச் செல்வர். மற்றவர் வேட்டை நாய்களாக அத்தடத்தைப் பிடித்துத் துரத்துவர். இன்றும் பல ஆங்கில ஓட்டக் கழகங்களின் பெயரில் வேட்டை நாயைக் குறிக்கும் 'ஹாரியர்ஸ்' என்ற சொல் ஒட்டிக்கொண்டிருப்பது இதனால்தான். 1876இல் எப்பிங் காட்டில் நடந்த முதல் ஆங்கிலேயத் தேசியப் போட்டியில் ஓடிய அனைவருமே வழி தவறினர். பந்தயம் செல்லாது என்று அறிவிக்கப்பட்டது. 1898இல் பாரிசுக்கு அருகே வில்-தாவ்ரேயில் இங்கிலாந்தும் பிரான்சும் மோதின. முதல் 8 இடங்களையும் ஆங்கிலேயரே பிடித்தனர். ஒருவேளை இதனால்தானோ என்னவோ, 1903இல் பிரான்சு வரவில்லை.

ஹாமில்டனில் பந்தயத் தூரம் சுமார் 8 மைல். அணியின் புள்ளிகளைக் கணக்கிடும் முறை எளிது. ஓர் அணியில் முதலில் வந்து சேரும் 6 பேரின் இட எண்களைக் கூட்டுவார்கள். குறைந்த கூட்டுத்தொகை பெற்ற அணிக்கு வெற்றி. முதல் ஆறு இடங்களையும் ஒரே அணி பிடித்தால் 21 புள்ளிகள். அதைவிடக் குறைய வழியில்லை. ஆகவே ஒரு நட்சத்திர வீரரால் மட்டும் அணி வென்றுவிட முடியாது. நாற்பதாவதாக வருபவர், களைத்துப்போன முப்பத்தொன்பதாவது ஆளை முந்தினால் அதுவும் கணக்கில் சேரும். இந்த விதிதான் தனிமனித ஓட்டத்தை நாடுகளுக்கு இடையேயான போட்டியாக மாற்றியது என்பேன்.

ஷ்ரப் சசெக்ஸ் மாவட்டத்தின் சிலின்போல்டு கிராமத்தில் 1879இல் பிறந்தவர். கட்டட வேலையில் செங்கல் சுமந்தவர். ஒரு நாள் இரவு தீயணைப்பு வண்டியைத் தொடர்ந்து பல மைல் ஓடியபோதுதான் அவரது திறமை வெளிப்பட்டது என்று கூறுவர். 1904இலும் அவரே சர்வதேசப் போட்டியை வென்றார். அதே ஆண்டு நவம்பரில் கிளாஸ்கோவின் ஐப்ராக்ஸ் திடலில் ஒரு மணி நேரத்தில் சுமார் 18.7 கி.மீ. ஓடி உலகச் சாதனை படைத்தார். மறு ஆண்டே, பணம் வாங்கினார் என்று கூறி அவரைத் தடை செய்தனர். அமெச்சூர் விதி அன்று அப்படி. ஓட்டத்திற்காகக் கூலி பெறக் கூடாது என்பது வசதி உள்ளவருக்கு எளிது. செங்கல் சுமப்பவருக்கு அல்ல. பின்னர் அவர் தொழில்முறை ஓட்டக்காரராகக் குதிரைகளோடும் போட்டியிட்டார். கனடாவில் குடியேறி 1964இல் இறந்தார்.

1907இல் பிரான்சு சேர்ந்த பிறகே போட்டி நான்கு அணி எல்லையைத் தாண்டியது. மறு ஆண்டு பாரிசுக்கு அருகிலுள்ள கொலோம்பில் நடந்தது. 1911, 1912, 1913 ஆகிய மூன்று ஆண்டுகளும் பிரான்சின் ழான் பூவன் தனிநபர் வெற்றி பெற்றார். 1914 செப்டம்பரில், முதல் உலகப்போரின் முதல் வாரங்களிலேயே போர்முனையில் உயிரிழந்தார். 1915 முதல் 1919 வரை போட்டி நடைபெறவில்லை. அணிப் போட்டியில் இங்கிலாந்தின் தொடர் வெற்றியை 1922இல் பிரான்சு முறித்தது.

இந்தியாவுக்கு இதில் இடமிருக்கவில்லை. ஒரே அரசின் கீழிருந்த வேல்சும் அயர்லாந்தும் தனி அணிகளாக வந்தபோது, அதே அரசின் கீழிருந்த இந்தியாவுக்கு அழைப்பு வரவில்லை. நம் ஓட்டக்காரர்கள் உலக அரங்கில் நெடுந்தூரம் ஓடியது 1920 ஆண்ட்வெர்ப் ஒலிம்பிக்கில்தான். புனே டெக்கான் ஜிம்கானா விளையாட்டு விழாவில் வெறுங்காலுடன் ஓடியவர்களைக் கண்டு வியந்த தொராப்ஜி டாடா அந்த அணியை அனுப்ப முன்கை எடுத்தார். மாரத்தானில் பதேப்பா சௌகுலே 19ஆம் இடம் பெற்றார். அங்கு கிராஸ் கன்ட்ரி பந்தயமும் நடந்தது; வென்றவர் பின்லாந்தின் பாவோ நூர்மி.

1960இல் சர்வதேசப் போட்டி மீண்டும் ஹாமில்டன் பார்க் திடலுக்கு வந்தது. அந்த முறை முதலாவதாக வந்தவர் மொரோக்கோவின் ரஹ்தி பென் அப்தெசெலாம். அதே ஆண்டு ரோம் ஒலிம்பிக் மாரத்தானில், வெறுங்காலுடன் ஓடிய எத்தியோப்பியாவின் அபேபே பிகிலாவை அடுத்து இரண்டாமிடம் பெற்றவரும் இவரே. 1973 முதல் இப்போட்டியின் இடத்தை, சர்வதேசத் தடகளச் சம்மேளனம் நடத்தும் உலக கிராஸ் கன்ட்ரி போட்டி எடுத்துக்கொண்டது.