அரக்குத் தட்டுக்கு ஓர் அஞ்சலி

ஊசி இறங்கியதும் முதலில் வருவது பாட்டல்ல, அடுத்த அறையில் யாரோ அப்பளம் பொரிக்கிற மாதிரி ஒரு சத்தம். அதற்குப் பின்னால் கித்தார். அதற்கும் பின்னால் ஒரு மனிதக் குரல். நிமிஷத்துக்கு 78 சுற்று, பத்து அங்குலம், பக்கத்துக்கு மூன்று நிமிஷம். தவறவிட்டால் மண்சட்டி கணக்காக நாலாய் உடையும். அந்தத் தட்டு போய்விட்டது. 'கீறல் விழுந்த ரெக்கார்டு மாதிரி' என்று திட்டுவதற்கு மட்டும் நம் வாயில் இன்னும் மிச்சமிருக்கிறது.

அதன் உடம்பு நம் நாட்டுச் சரக்கு. சோட்டாநாக்பூர்ப் பக்கம் புரசு மரத்திலும் இலந்தையிலும் பூச்சி கட்டிய அரக்கு, கப்பலேறிப் போய், கல்பொடியும் கரியும் சேர்ந்து தட்டாயிற்று. அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் ஒரு நாற்காலிக் கம்பெனி, கிராமபோன் பெட்டி செய்யப்போய், பெட்டிக்குத் தட்டு வேண்டுமே என்று பாராமவுண்ட் என்ற பெயரில் தட்டும் போட ஆரம்பித்தது. மட்டமான கலவை, புதுத் தட்டே இரையும். ஆனாலும் மிசிசிப்பிப் பருத்திக் காட்டுப் பாட்டுக்காரர்களை அது கூப்பிட்டுப் பாடவைத்தது. 1930-இல் கிராஃப்டன் என்ற சின்ன ஊரில் இருந்த அதன் ஒலிப்பதிவுக் கூடத்துக்கு சார்லி பாட்டன், சன் ஹவுஸ், வில்லி பிரவுன் எல்லாரும் வந்து பாடினார்கள். பொருளாதார மந்தம் கம்பெனியை விழுங்கிவிட்டது. 1942-இல் யுத்தத்துக்கு அரக்கு வேண்டுமென்று அரசு தட்டுக் கம்பெனிகளின் பங்கை வெட்டியது. பழைய தட்டுகளை வாங்கி, பொடித்து, புதுத் தட்டு வார்த்தார்கள். எத்தனை பாட்டு இன்னொரு பாட்டுக்கு எருவாய்ப் போனதோ!

1948-இல் வினைல் நீள்தட்டு வந்தது. அடுத்த பத்துப் பன்னிரண்டு வருஷத்தில் அமெரிக்காவில் கதை முடிந்தது. நம் நாட்டில் மூச்சு இன்னும் கொஞ்ச நாள் இழுத்துக்கொண்டிருந்தது. பீட்டில்ஸ் பாட்டைக்கூட இங்கே 78-இல் போட்டார்கள்.

நான் அழுவது பொருளுக்காக மட்டும் இல்லை. அது ஒரு வாத்தியார். ஒவ்வொரு தடவை ஓடும்போதும் இரும்பு ஊசி பள்ளத்தைக் கொஞ்சம் தின்றுவிடும். ஆகவே கேட்கிறவன் உயிரைக் காதில் வைத்துக் கேட்டான். இரைச்சலில் பிடிபடாத சொல்லுக்குத் தன் சொல்லைப் போட்டான். பழைய பாட்டு புதுப் பாட்டானது அப்படித்தான். ஹென்றி தாமஸ் 1928-இல் நாணல் குழல் ஊதிப் பாடிய 'புல் டோஸ் புளூஸ்' மெட்டை நாற்பது வருஷம் கழித்து ஆலன் வில்சன் எடுத்து, வேறு வரி எழுதி, 'கேன்ட் ஹீட்' குழுவோடு 'கோயிங் அப் தி கன்ட்ரி' என்று பாடினார். நாணல் குழல் வாசித்த இடத்தைப் புல்லாங்குழல் அப்படியே வாசிக்கிறது. குழுவின் பெயரே டாமி ஜான்சனின் 1928 தட்டிலிருந்து வந்ததுதான்.

வில்சனைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1964-இல் ரோசெஸ்டர் நகரில் சன் ஹவுஸைத் தேடிக் கண்டுபிடித்தார்கள். கித்தாரைத் தொட்டுப் பல வருஷம் ஆகியிருந்தது; தன் பாட்டே அவருக்கு மறந்துபோயிருந்தது. பார்வை மங்கிய இருபத்தோரு வயதுப் பையன் வில்சன் எதிரில் உட்கார்ந்து, 1930-இல் பெரியவர் இதை எப்படி வாசித்தார், 1942-இல் எப்படி வாசித்தார் என்று வாசித்தே காட்டினான். எல்லாம் பழைய பதிவுகளைக் கேட்டுக் கேட்டுப் படித்தது. கிழவரின் விரல்களுக்கு மெல்ல மெல்ல நினைவு வந்தது. மறுவருஷம் அவர் கொலம்பியா தட்டுக் கம்பெனிக்குப் புது நீள்தட்டே பாடினார்; சில பாட்டுகளில் பக்கத்துணை வில்சன். சிஷ்யப் பிள்ளை குருவுக்கு அவர் சொத்தைத் திருப்பிக் கொடுத்த இந்தக் காட்சியை நினைக்கும்போதெல்லாம் எனக்குத் தொண்டை அடைக்கும். 1970-இல், இருபத்தேழே வயதில், வில்சன் இறந்துபோனார்.

சன் ஹவுஸோடு கிராஃப்டனுக்குப் போன சிநேகிதர் வில்லி பிரவுன் 1952-இலேயே காலமாகிவிட்டார். அவர் பாடிய தட்டுகளில் ஒன்று, 'கிக்கிங் இன் மை ஸ்லீப் புளூஸ்', இதுவரை ஒரு பிரதிகூடக் கிடைக்கவில்லை. அவர் உயிரோடிருந்து அந்தப் பாட்டை மறந்திருந்தால், எடுத்துக்கொடுக்க ஆலன் வில்சனாலும் முடிந்திருக்காது.