காதோரக் கட்டியும் கல்வராயன் மலையும்

தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் விடாமுயற்சியால் 1954-ல் சென்னை அடையாறில் 12 படுக்கைகளுடன் புற்றுநோய் மருத்துவமனை தொடங்கியது. கல்வராயன் மலைவாசிகளுக்கு அது வெகுதூரம்!

தாமதமானால் உயிருக்கே ஆபத்தாகும் நோய்களில் ஒன்று உமிழ்நீர்ச் சுரப்பிப் புற்றுநோய். அரிதானது. பெரும்பாலும் காதுக்கு முன்னால் வலியில்லாத கட்டியாகத் தொடங்குவதால் பலர் கண்டுகொள்வதில்லை. சிறிதாக இருக்கும்போதே முழுவதும் வெட்டியெடுத்தால் பிழைக்கும் வாய்ப்பு அதிகம். முகம் கோணிவிட்டாலோ, கழுத்தில் நெறி கட்டும் அளவுக்குப் பரவிவிட்டாலோ வாய்ப்பு குறையும். புற்றின் வகையும் வேகமும் முக்கியம். ஆனால் அவை நம் கையில் இல்லை. சீக்கிரம் காட்டுவது நம் கையில் இருக்கிறது.

2019-ல் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானது. 2022 ஜனவரியில் அங்கே அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. கட்டியைக் காட்ட மலையிறங்கிச் சென்னை வரை போக வேண்டியதில்லை. வலிக்கவில்லையே என்று காத்திருக்கக் கூடாது, அவ்வளவுதான்.