காப்பிச் செடி கேட்ட நிழல்

ஏற்காட்டுக்குப் போய்ப் படகு விட்டு, லேடீஸ் சீட்டில் நின்று சேலத்து விளக்குகளைப் பார்த்துவிட்டு இறங்கிவிடுகிறோம். வழியெல்லாம் கூடவே வரும் காப்பிச் செடியை யாரும் விசாரிப்பதில்லை.

1820களில் சேலம் கலெக்டராக இருந்த எம்.டி.காக்பர்ன்தான் சேர்வராயன் மலையில் காப்பியைக் கொண்டுவந்து வைத்தவர். ஆப்பிள், பேரிக்காய் எல்லாம்கூட வைத்துப் பார்த்தார். கலெக்டர் வேலைக்கு நடுவே நேரம் எப்படிக் கிடைத்ததோ!

இந்த மலையின் காப்பி அராபிகா. எத்தியோப்பியக் காட்டில் பெரிய மரங்களுக்கு அடியில் வளர்ந்த குட்டை மரம். பிறந்த வீட்டுப் பழக்கம் புகுந்த வீட்டிலும் போகவில்லை. உச்சி வெயில் ஆகாது. வேரில் தண்ணீர் தேங்கினாலும் ஆகாது. மலைச்சரிவும் குளிர்ச்சியும் இங்கே இருந்தன. நிழலுக்குப் பலா, அத்தி போன்ற மரங்களை விட்டுவைத்தார்கள். பிறகு ஆஸ்திரேலியாவின் சில்வர் ஓக் வந்தது. அதில் மிளகுக்கொடியும் ஏறியது. தலைச்சோலைக்குப் பெயரிலேயே சோலை இருக்கிறதே, அந்தச் சோலைதான் காப்பிக்கு வேண்டியிருந்தது.

மழையிலும் அது கறார். வறண்ட மாதங்களில் மொட்டு தூங்கிக் கிடக்கும். மார்ச், ஏப்ரலில் ஓர் அங்குலத்துக்குக் குறையாமல் நல்ல மழை பெய்தால், எட்டுப் பத்து நாளில் சரிவு முழுக்க வெள்ளையாகப் பூத்து, மல்லிகை போல மணக்கும். வெறும் தூறலோடு நின்றால் மொட்டு கருகிவிடும். பூத்த பிறகு இன்னொரு மழை வராவிட்டால் காய் சரியாகப் பிடிக்காது.

இலங்கையில் காட்டை அழித்து மலை மலையாகக் காப்பி ஒன்றையே வைத்தார்கள். 1869இல் இலைத்துரு நோய் தென்பட்டது. இருபது வருஷத்துக்குள் காப்பி போய்த் தேயிலை வந்துவிட்டது. நம் சேலம், திருச்சி ஜில்லாக்களிலிருந்து கப்பலேறிப் போன ஜனங்களின் பிழைப்பும் அதோடு ஆட்டம் கண்டது.

நம் பக்கத்துக் கவலை வேறு. வெள்ளைத் தண்டுத் துளைப்பான் என்று ஒரு வண்டு. நல்ல வெயிலில்தான் சுறுசுறுப்பாகப் பறக்கும். வெயில் படுகிற தண்டாகப் பார்த்து முட்டையிடும். புழு உள்ளே குடைந்துவிட்டால், செடியை வேரோடு பிடுங்கி எரிப்பதைத் தவிர வழியில்லை. இது தெரிந்திருந்தும், விலை வருகிறதே என்று நிழல் மரத்தை அளவுக்கு மேல் வெட்டுவது எனக்குச் சரியாகப் படவில்லை. கையில் காசு முடை என்றால் விவசாயி வேறு என்ன செய்வார் என்பதும் புரிகிறது. மரத்தை வெட்ட அரை நாள் போதும். பதிலுக்கு வைத்த கன்று குடை பிடிக்கப் பல வருஷமாகும். ஏப்ரல், மே வந்தால் வண்டு பறக்கத் தொடங்கிவிடும்.